நாள் தள்ளிப்போனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது?

ஒரு பெண் பிள்ளை உண்டாகியிருப்பதை எங்கள் பேச்சில் "முழுகாமல் இருக்கிறாள்" என்று சொல்வார்கள். மாதவிடாய் வந்தால் தலைமுழுக வேண்டும். முழுகவில்லை என்றால் பிள்ளை தங்கிவிட்டது என்று அர்த்தம். ஸ்கானும் சிறுநீர்ப் பரிசோதனையும் இல்லாத காலத்தில் கிணற்றடிதான் சாட்சி. இன்றைக்குக் கிணற்றடி எங்களோடு இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருக்கிற கணக்கை நாம் லண்டனுக்கும் ரொரன்ரோவுக்கும் ஒஸ்லோவுக்கும் கூடவே கொண்டு வந்துவிட்டோம். நாள் நாலு தள்ளிப்போனால் "பிள்ளைதான்" என்று மனம் பதறுகிறது. ஒரு துளி இரத்தம் பட்டுவிட்டால் "அப்பாடா, ஒன்றுமில்லை" என்று ஆறிவிடுகிறது.

இரண்டு கணக்குமே பிழைக்கலாம். நாள் தள்ளிப்போன எல்லோரும் கர்ப்பிணிகள் இல்லை. இரத்தம் கண்டவர்களுக்குள்ளும் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள்.

இந்தக் கேள்வி பல வீடுகளில் பல விதமாக வருகிறது. இரண்டு பிள்ளைகளோடும் இரண்டு வேலையோடும் வாடகை வீட்டில் இருக்கும் தம்பதிக்கு ஓர் இரவு ஆணுறை கிழிந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கைத்தொலைபேசியில் திகதி எண்ணுகிறாள். 46 வயதுத் தாய் "இது நிற்கப்போகிற காலம்தானே" என்று மூன்று மாதம் பேசாமல் இருக்கிறார். விசா கிடைத்து வந்து சேர்ந்த மனைவிக்கு வைத்தியர் சொன்ன கிழமைக் கணக்கு, கணவன் வீட்டாருக்கு உறுத்துகிறது. இவர்களில் பெரும்பாலானோர் யாரிடமும் கேட்பதில்லை. பார்ப்போம், இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்கிறார்கள். இந்த விடயத்திலோ ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை உண்டு. ஆகவே எந்தக் கேள்விக்கு எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதை இங்கே ஒழுங்காகப் பார்ப்போம்.

அந்த ஆறு நாட்கள்

இரத்தப்போக்கு தொடங்கும் நாளே சுழற்சியின் முதல் நாள். அடுத்த இரத்தப்போக்கு தொடங்கும் வரை ஒரு சுழற்சி. 28 நாள் என்பது பாடப்புத்தகக் கணக்கு. வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரை எதுவும் வழமையானதே. இதற்கிடையில் ஒருநாள் சூலகத்திலிருந்து முட்டை வெளியேறுகிறது.

அது எந்த நாள் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். "14ஆம் நாள்" என்று மாதவிடாய் வந்த நாளிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறோம். உண்மையில் அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். முட்டை வெளியேறி ஏறக்குறைய 14 நாட்களில் மாதவிடாய் வரும். சிலருக்கு 10, சிலருக்கு 16. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு இரண்டு கணக்கும் ஒன்றுதான். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை 21ஆம் நாளளவில் வெளியேறும். "17 நாள் ஆகிவிட்டது, இனிப் பயமில்லை" என்று அவர் நினைக்கும் நேரம்தான் பிள்ளை தங்கக்கூடிய நேரம்.

வெளியேறிய முட்டை 12 முதல் 24 மணித்தியாலம் வரை உயிரோடு இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் 5 நாட்கள் வரை காத்திருக்கக் கூடியது. ஆகவே முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும் சேர்ந்து, ஒரு சுழற்சியில் கருத்தரிக்கக்கூடிய நாட்கள் 6. அமெரிக்காவின் வட கரோலினாவில் பிள்ளை வேண்டியிருந்த 221 பெண்களைத் தொடர்ந்து அவதானித்த ஓர் ஆய்வு 1995இல் வெளியானது. அதில் கருத்தரிப்பு எல்லாமே இந்த 6 நாட்களுக்குள் நடந்த உறவினால்தான் ஏற்பட்டிருந்தது. முட்டை வெளியேறுவதற்கு 5 நாள் முன்னர் என்றால் பத்தில் ஒரு வாய்ப்பு. வெளியேறிய அன்று என்றால் மூன்றில் ஒரு வாய்ப்பு.

இதில் ஆறுதலும் எச்சரிக்கையும் இரண்டும் இருக்கின்றன. மிகவும் வாய்ப்புள்ள நாளில்கூட மூன்றில் இரண்டு தடவை கர்ப்பம் ஏற்படவில்லை. ஆனால் அந்த நாள் எது என்பது முட்டை வெளியேறிய பிறகுதான் உறுதியாகத் தெரியும். பயணம், காய்ச்சல், இரவு வேலை, மனக்கவலை என்று எதுவும் அதைத் தள்ளிப்போடலாம். "பாதுகாப்பான நாள்" என்ற நம்பிக்கை அதனால்தான் பலரைக் கைவிடுகிறது.

தவறியது எது?

கருத்தடை முறை "வேலை செய்யவில்லை" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சிறிய, சொல்லக்கூடிய காரணம் இருக்கும். ஆணுறையை ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தும் 100 தம்பதிகளில் ஓராண்டில் 2 பேருக்குக் கர்ப்பம் தங்கலாம். மனிதர்கள் வழமையாகப் பயன்படுத்துகிற விதத்தில் அது ஏறக்குறைய 13 ஆகிறது. பிந்திப் போடுவது, எண்ணெய் அல்லது வாசலின் பூசுவதால் ரப்பர் பலமிழப்பது, ஒரு நாள் இல்லாமலே விடுவது ஆகியவைதான் இந்த வித்தியாசம். "வெளியில் விடுகிறோம்" என்று சொல்லும் தம்பதிகளில் 100க்கு ஏறக்குறைய 20 பேர் ஓராண்டில் கருத்தரிக்கிறார்கள். லூப், கைக்குள் வைக்கும் குச்சி ஆகியவற்றில் அது 1க்கும் குறைவு, ஏனென்றால் அங்கே மறப்பதற்கு எதுவும் இல்லை.

தினமும் எடுக்கும் குளிசையில் வகை முக்கியம். இரண்டு ஹோர்மோன் சேர்ந்த குளிசையில் ஒன்றை மட்டும் மறந்தால், நினைவு வந்ததும் எடுத்துவிட்டுத் தொடரலாம், பாதுகாப்புப் போய்விடாது. இரண்டோ அதற்கு மேலோ தவறினால் 7 நாட்களுக்கு ஆணுறையும் தேவை. தவறியது பெட்டியின் முதற் கிழமையில் என்றால் அவசரக் கருத்தடை பற்றி உடனே கேட்க வேண்டும். புரொஜெஸ்டோஜன் மட்டும் உள்ள குளிசைகளில் நேரம் இறுக்கமானது. பழைய வகைகளில் 3 மணித்தியாலம் பிந்தினாலே தவறியதாகக் கணக்கு. டெசோஜெஸ்ட்ரல் வகையில் 12 மணித்தியாலம்.

எங்களுக்கே உரிய ஒரு தவறு இங்கே வருகிறது. ரொரன்ரோவில் இரவு 9 மணிக்கு டெசோஜெஸ்ட்ரல் எடுக்கும் பெண் கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறார் என்று வைப்போம். அங்கே அவரது குளிசை நேரம் காலை 6.30. அவரோ பழக்கத்தில் அங்கும் இரவு 9 மணிக்கே எடுக்கிறார். முதல் நாளே பதினான்கரை மணித்தியாலம் பிந்திவிட்டது. பயணத்தில் வயிற்றோட்டமும் வாந்தியும் வந்தால் குளிசை உடலில் சேராமலே போகலாம். காசநோய்க்கான ரிபம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், பெனிற்றோயின் போன்ற மருந்துகளும் குளிசையின் பலத்தைக் குறைக்கும். தொண்டை நோவுக்கும் பல்லுக்கும் தரும் வழமையான அன்ரிபயோற்றிக் அப்படிக் குறைப்பதில்லை.

முதலாவது கணக்கு: அந்த இரவிலிருந்து 5 நாள்

ஆணுறை கிழிந்தாலோ குளிசை தவறினாலோ மாதவிடாய் வருகிறதா என்று பார்த்திருக்கத் தேவையில்லை. உறவு நடந்த நேரத்திலிருந்து மணித்தியாலக் கணக்கில் எண்ணத் தொடங்க வேண்டும்.

ஊரில் போஸ்ரினோர் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த லெவோனோர்ஜெஸ்ட்ரல் குளிசையை 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும். யூலிபிரிஸ்டல் என்ற மற்றக் குளிசையை 120 மணித்தியாலம், அதாவது 5 நாள் வரை எடுக்கலாம். இரண்டுமே முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுவதன் மூலம் வேலை செய்கின்றன. ஆகவே எவ்வளவு விரைவாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. முட்டை ஏற்கெனவே வெளியேறியிருந்தால் இவற்றால் பெரிய பயன் இராது. 5 நாளுக்குள் தாதியோ வைத்தியரோ வைக்கும் செப்பு லூப் இவை எல்லாவற்றையும் விடப் பலமானது; அதற்குப் பிறகு கர்ப்பம் தங்குவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பின்னர் அதையே பல வருடங்களுக்குக் கருத்தடையாக வைத்திருக்கலாம்.

இது கருவைக் கலைக்கும் மருந்து என்ற பயம் எம்மவரிடம் அதிகம். கருப்பையில் ஏற்கெனவே பதிந்த கருவை இந்தக் குளிசைகள் கலைப்பதில்லை. பின்னாளில் பிள்ளை பெறுவதையும் இவை பாதிப்பதில்லை.

பாமசியில் நான்கு விடயங்களைச் சொல்லுங்கள்: வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள், தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, உங்கள் நிறை என்ன, வழமையான கருத்தடைக் குளிசையை அண்மையில் எடுத்தீர்களா. எந்தக் குளிசை பொருந்தும் என்பது இவற்றைப் பொறுத்தது. நிறை 70 கிலோவுக்கு மேல் என்றால் சாதாரண அளவு லெவோனோர்ஜெஸ்ட்ரல் போதாமல் போகலாம். எடுத்து 3 மணித்தியாலத்துக்குள் வாந்தி வந்தால் மீண்டும் எடுக்க வேண்டும். இது நடந்து முடிந்த உறவுக்கு மட்டும்தான். அடுத்த நாள் நடப்பதற்குக் காவல் இல்லை.

இங்கிலாந்தில் 2025 ஒக்ரோபர் இறுதியிலிருந்து பெரும்பாலான பாமசிகளில் இந்தக் குளிசை இலவசம். பிரான்சில் 2023 முதல் எல்லா வயதுப் பெண்களுக்கும் பாமசியில் இலவசம். ஜேர்மனியில் 2015 முதல் வைத்தியரின் மருந்துச்சீட்டுத் தேவையில்லை. கனடாவில் லெவோனோர்ஜெஸ்ட்ரலை மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கலாம். யூலிபிரிஸ்டலுக்கு மருந்துச்சீட்டு வேண்டும். எங்கேயும் தாலியோ கணவனின் சம்மதமோ கேட்கமாட்டார்கள்.

நாள் ஏன் தள்ளிப்போகிறது?

முட்டை வெளியேறுவது பிந்தினால் மாதவிடாயும் அத்தனை நாள் பிந்தும். கர்ப்பமில்லாமல் நாள் தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அகதி விண்ணப்பத்தின் பதிலுக்குக் காத்திருப்பது, ஊரில் ஒரு சாவு, பரீட்சை, மாறி மாறி வரும் இரவு வேலை, திடீரென நிறை குறைவது, நீண்ட விரதம் எல்லாமே மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் ஹோர்மோன் கட்டளையைக் குழப்பக்கூடியவை. இதிலே ஒரு சிக்கலும் உண்டு. "பிள்ளை தங்கிவிட்டதோ" என்ற பயமே ஒரு மனவழுத்தம்தான்.

சூலக நீர்க்கட்டி எனப்படும் நிலை பத்தில் ஒரு பெண்ணுக்காவது இருக்கிறது. அவர்களுக்கு 40, 60 நாள் இடைவெளி சாதாரணம். ஆனால் நீர்க்கட்டி உள்ளவர்களுக்குப் பிள்ளை தங்காது என்று நினைப்பது தவறு. முட்டை எப்போது வெளியேறும் என்று தெரியாததால் அவர்களுக்கு நாள் எண்ணும் முறை இன்னும் ஆபத்தானது. தைரோயிட் கோளாறும் மாதவிடாயைக் குழப்பும். லூப்பின் ஹோர்மோன் வகை, கைக்குச்சி, மூன்று மாத ஊசி ஆகியவற்றில் மாதவிடாய் குறைவதும் நிற்பதும் எதிர்பார்க்கக்கூடியவை. அவசரக் குளிசை எடுத்தவர்களுக்கும் நாள் முன்பின்னாகலாம். 7 நாளுக்கு மேல் பிந்தினால் பரிசோதிக்க வேண்டும்.

கோயிலுக்காகவும் மங்கல காரியங்களுக்காகவும் மாதவிடாயைத் தள்ளிவைக்கும் குளிசை எங்கள் பெண்களுக்குப் பழக்கமானது. நல்லூர்த் திருவிழா 25 நாள். விடுமுறையோ மூன்று கிழமை. மகளின் பூப்புனித நீராட்டு விழா, தம்பியின் கல்யாணம் என்று வேறு காரணங்களும் உண்டு. அந்தக் குளிசை நொரெதிஸ்ரெரோன். எதிர்பார்க்கும் நாளுக்கு 3 நாள் முன்னர் தொடங்கி நாளுக்கு மூன்று தடவை எடுப்பார்கள். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வரும். ஹோர்மோன் குளிசைதானே என்று பலர் இதைக் கருத்தடையாகவும் நினைத்துவிடுகிறார்கள். இப்படிச் சில நாள் எடுப்பது கருத்தடை இல்லை. தொடங்க முன்னரே முட்டை வெளியேறி, கருத்தரித்தும் இருக்கலாம். பிறகு நாள் வராவிட்டால் "குளிசையால்தான்" என்று கிழமைக்கணக்கில் காத்திருக்கிறோம். நிறுத்தி ஒரு கிழமைக்குள் வராவிட்டால் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஒரு சொல். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறீர்கள், மாதவிடாய் இன்னும் வரவில்லை: இந்த மூன்றும் சேர்ந்தால் 98 வீதம் பாதுகாப்பு உண்டு. புட்டிப்பால் சேர்ந்தாலோ ஆறு மாதம் கடந்தாலோ அந்தப் பாதுகாப்பு இல்லை. முட்டை முதலில் வெளியேறும், மாதவிடாய் பிறகுதான் வரும். ஆகவே பிரசவத்துக்குப் பின் ஒரு தடவையும் மாதவிடாய் வராமலே அடுத்த பிள்ளை தங்கலாம்.

நாற்பதைக் கடந்தவர்களுக்கும் அப்படித்தான். 50 வயதுக்குக் குறைந்தவர் மாதவிடாய் நின்று இரண்டு வருடமும், 50ஐத் தாண்டியவர் ஒரு வருடமும் ஆகும் வரை கருத்தடையைத் தொடர வேண்டும் என்பது பிரித்தானிய வைத்தியர்களின் வழிகாட்டல். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயதில் இது என்ன வெட்கம் என்று ஒளித்து வைப்பதால் உடம்பு கணக்கை மாற்றாது.

இரண்டாவது கணக்கு: 21 நாள்

கருத்தரித்த அன்றே எந்தப் பரிசோதனையும் காட்டாது. முட்டை வெளியேறிய பிறகு 6 முதல் 12 நாட்களுக்குள் கரு கருப்பைச் சுவரில் பதிகிறது. பெரும்பாலும் 8 முதல் 10 நாட்களில். அதன் பிறகுதான் எச்.சி.ஜி என்ற ஹோர்மோன் இரத்தத்திலும் சிறுநீரிலும் வரத் தொடங்கும். வீட்டுப் பரிசோதனைக் குச்சி தேடுவது இதைத்தான். பயத்தில் நான்காம் நாளே பரிசோதித்து "இல்லை" என்று வந்ததை நம்பிவிடுவது அதனால் வீண்.

ஒழுங்காக மாதவிடாய் வருபவர் என்றால் வரவேண்டிய நாளிலிருந்து பரிசோதிக்கலாம். ஒழுங்கற்றவர், நாள் தெரியாதவர், அவசரக் குளிசை எடுத்தவர் என்றால் பாதுகாப்பில்லாத கடைசி உறவிலிருந்து 21 நாள் எண்ணிப் பரிசோதிக்க வேண்டும். நாள் நெருக்கத்தில் பரிசோதிப்பவர்கள் காலையில் முதல் சிறுநீரை எடுப்பது நல்லது; நிறையத் தண்ணீர் குடித்தபின் எடுத்தால் ஹோர்மோன் ஐதாகிவிடும். காலாவதித் திகதியையும், எத்தனை நிமிடத்தில் பார்க்க வேண்டும் என்பதையும் தாளில் பாருங்கள்.

"உண்டு" என்று காட்டினால் பெரும்பாலும் அது சரி. "இல்லை" என்று காட்டியும் மாதவிடாய் வராவிட்டால் ஒரு கிழமை கழித்து மறுபடி பாருங்கள். 21 நாள் கடந்த பிறகும் "இல்லை" என்றே வந்தால் அந்த உறவினால் கர்ப்பம் இல்லை என்று ஆறலாம். மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டால் கர்ப்பம் இல்லாவிட்டாலும் குடும்ப வைத்தியரிடம் போக வேண்டும்.

மாதவிடாய் வரவேண்டிய நாளளவில் வழமையைவிடக் குறைவாக, ஒன்றிரண்டு நாள் மட்டும் பட்டால் அதை மாதவிடாய் என்று முடிவெடுக்காதீர்கள். கர்ப்பத்தின் தொடக்கத்திலும் அப்படி இரத்தம் காணலாம். நாள் தள்ளிப்போனதும் பப்பாசிக்காய், அன்னாசி, எள்ளு என்று தொடங்குவதும் எங்கள் வழக்கம். இல்லாத கர்ப்பத்தை அது கலைப்பதில்லை; இருக்கிற கர்ப்பத்தை நம்பிக்கையாக நிறுத்துவதும் இல்லை. பிந்திய மாதவிடாய் தானாக வரும்போது பெயர் மட்டும் பப்பாசிக்குப் போகிறது.

ஓர் ஆபத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்மூட்டில் வலி, தலைச்சுற்று, மயக்கம், இரத்தப்போக்கு இருந்தால் கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. லூப் வைத்தவர்களும் குழாய் கட்டியவர்களும் கருத்தரிப்பது மிகக் குறைவு; கருத்தரித்தால் அது குழாயில் இருக்கும் வாய்ப்புக் கூட. பிரித்தானியாவில் 999, கனடாவில் 911, ஐரோப்பிய நாடுகளில் 112. விடியட்டும் என்று பார்க்க வேண்டாம்.

மூன்றாவது கணக்கு: கடைசி மாதவிடாயின் முதல் நாள்

வீடுகளை உடைத்த கணக்கு இது. கர்ப்பத்தின் வயதை வைத்தியர்கள் கணவன் மனைவி சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். முட்டை வெளியேறிய நாள் பலருக்குத் தெரியாது, மாதவிடாய்த் திகதி தெரியும் என்பதால் உலகம் முழுவதும் இந்த வழக்கம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மனைவிக்கு மே 1ஆம் திகதி மாதவிடாய். மே 13ஆம் திகதி விமானத்தில் வந்து கணவனோடு சேர்கிறார். மே 15 அளவில் முட்டை வெளியேறுகிறது. மே 29 வரவேண்டிய மாதவிடாய் வரவில்லை. ஜூன் 5ஆம் திகதி வைத்தியரிடம் போனால் "5 கிழமை" என்கிறார். வந்து சேர்ந்து 23 நாள்தான் ஆகிறது. மாமியார் விரல்விட்டு எண்ணுகிறார். ஒன்றும் பேசாமல் எழுந்து போகிறார். அந்தப் பெண்ணிடம் எந்தப் பிழையும் இல்லை. அந்த 5 கிழமையில் முதல் இரண்டு கிழமையும் கரு என்று ஒன்று இருக்கவே இல்லை. ஸ்கான் எடுத்தாலும் அதே வழக்கத்தில்தான் கிழமை சொல்வார்கள்.

போரும் எல்லையும் விசாவும் பிரித்து வைத்த குடும்பங்கள் நாம். வருடக்கணக்கில் பிரிந்திருந்து சேர்கிறவர்களுக்குச் சந்தேகம் எளிதில் பற்றிக்கொள்ளும். இந்த இரண்டு கிழமையை நாம் எல்லோரும், குறிப்பாக ஆண்கள், தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

"உண்டு" என்று வந்தால்

பிள்ளை வேண்டும் என்றால் அன்றிலிருந்தே நாளுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுக்கத் தொடங்கி 12 கிழமை வரை தொடருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கூடிய அளவு தேவை. வலிப்பு, உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல், முகப்பரு ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் அன்றைக்கே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. அவசரக் குளிசை எடுத்தும் தங்கிய கர்ப்பத்துக்கு அந்தக் குளிசையால் கெடுதல் வந்ததாகக் காணப்படவில்லை. தவறித் தங்கியது என்பதற்காக அந்தப் பிள்ளை குறையோடு பிறக்கும் என்று பயப்பட ஒன்றுமில்லை.

தொடர முடியாது என்று நினைப்பவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே கருக்கலைப்பு அனுமதிக்கப்படும். அந்த நினைவோடு வந்தவர்கள் இங்கும் அது குற்றம் என்று எண்ணி ஒளித்து வைக்கிறார்கள். வாழும் நாட்டின் சட்டம் வேறு. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்தில் 24 கிழமை வரை வழியுண்டு. கனடாவில் 1988 முதல் அதைக் குற்றமாக்கும் சட்டம் இல்லை. நோர்வேயில் 2025 ஜூன் முதல் 18 கிழமை வரை பெண்ணே முடிவெடுக்கலாம். சுவிற்சர்லாந்தில் 12 கிழமை, அது கடைசி மாதவிடாயிலிருந்து. ஜேர்மனியிலும் 12 கிழமை, ஆனால் அது கருத்தரித்த நாளிலிருந்து. ஆலோசனைச் சான்றும் இடையில் மூன்று நாளும் கட்டாயம். பிரான்சில் 14 கிழமை, அதுவும் கருத்தரித்ததிலிருந்து. இங்கேயும் எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதில் இரண்டு கிழமை வித்தியாசம் வருகிறது. முடிவு எதுவானாலும் அது அந்தப் பெண்ணுடையது. நேரத்தோடு தெரிந்தால்தான் யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

மொழியும் இரகசியமும்

வைத்தியரிடம் தாய்க்காக மகனோ மகளோ மொழிபெயர்ப்பது எங்கள் வீடுகளில் சாதாரணம். இந்த விடயத்தை மட்டும் பத்து வயது மகனின் வாயால் சொல்ல முடியாது. பிரித்தானியாவின் அரச வைத்திய சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். வேறு பல நாடுகளிலும் அரச வைத்தியசாலைகளில் இந்த வசதி உண்டு. நேரம் பதியும்போதே "தமிழ், பெண் மொழிபெயர்ப்பாளர்" என்று சொல்லுங்கள். எங்கள் ஊர் ஆள் வந்துவிட்டால் கதை பரவுமே என்று பயந்தால், தொலைபேசியில் பேசும் ஒருவரைக் கேளுங்கள். அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்.

இளம் பிள்ளைகளுக்கும் அதே உரிமை உண்டு. இங்கிலாந்தில் 16 வயதுக்குக் குறைந்தவர் போனாலும், ஆபத்து இருக்கிறது என்று கருதினாலன்றி, வைத்தியர் பெற்றோரிடம் சொல்லமாட்டார். விருப்பமில்லாமல் நடந்த உறவு என்றால், அது கணவனாக இருந்தாலும், அதையும் வைத்தியரிடம் சொல்லலாம்.

பாமசியில் முதலில் இரண்டு கேள்விதான் கேட்பார்கள்: எப்போது நடந்தது? கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது? எங்கள் வீடுகளில் ஒரு மகள் வாயைத் திறந்தால் வரும் முதல் கேள்வி "ஆர் அவன்?" என்பது. அந்தக் கேள்விக்கு அடுத்த மாதமும் நேரம் இருக்கும். 72 மணித்தியாலத்துக்கு அப்படி இல்லை. அன்றைக்கு ஒரு தாயால் "எத்தனையாம் திகதி, பிள்ளை? கோட்டைப் போடு, பாமசி பூட்டுறதுக்குள்ளை போவம்" என்று சொல்ல முடிந்தால், மற்றதைக் காரில் வரும்போது கதைத்துக்கொள்ளலாம்.